மூன்றாவது அழுத்தத்தைத் தேடுங்கள்: ஆங்கிலோ-சாக்சன் வீரகாவியம் படிக்கத் தொடங்குவோருக்கு

ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வீரகாவியம் ‘பியோவுல்ஃப்’. மொத்தம் 3,182 வரி. பியோவுல்ஃப் என்ற வீரன் கடல் தாண்டிப் போய், மன்னன் ஹ்ரோத்காரின் மண்டபத்தைத் தாக்கும் கிரெண்டல் என்ற அரக்கனையும் அவன் தாயையும் கொல்கிறான்; பின்னாளில் மன்னனாகி ஒரு டிராகனோடு மோதி இறக்கிறான். கதை இவ்வளவுதான். படிக்க ஆசைப்பட்டு எடுப்பவர்களில் பலர் முதல் நூறு வரிக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். பெயர்கள் குழப்புகின்றன, ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கிறது, கதை நகர மறுக்கிறது. பிழை காவியத்திலும் இல்லை, படிப்பவரிடமும் இல்லை. தொடங்கிய இடம் தவறு. முதல் வரியில் தொடங்காமல் வேறொரு கவிதையின் இரண்டே வரியில் தொடங்கினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

தேவைப்படும் பொருள்கள் கொஞ்சம்தான். ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பும் அச்சிட்ட பதிப்பு ஒன்று, ஒரு பென்சில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாஸ்வொர்த்–டாலர் பழைய ஆங்கில அகராதி. மொழிபெயர்ப்பு மட்டும் உள்ள புத்தகத்தை வாங்க வேண்டாம். உரைநடையில் பெயர்த்தால் ஓசை போய்விடும். மோனையோடு பெயர்த்தால் மோனைக்காகச் சொல் மாறிவிடும். மூலம் கண்ணில் படாவிட்டால் எது கவிஞன் வைத்த சொல், எது பெயர்த்தவர் வைத்த சொல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

முதலில் இரண்டு வரி

991-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், மால்டன் என்ற ஊரின் அருகே வைக்கிங் படை வந்து இறங்கியது. அதை எதிர்த்து நின்ற பிர்த்நோத் என்ற தலைவன் களத்தில் விழுந்தான். அந்தப் போரைப் பாடும் கவிதையில் இன்று 325 வரி மிஞ்சியிருக்கிறது. தலையும் வாலும் போய்விட்டன. தலைவன் இறந்தபின் பிர்த்வோல்ட் என்ற முதிய வீரன் கேடயத்தை உயர்த்திச் சொல்லும் 312, 313-ஆம் வரிகள் இவை:

ஹியெ ஷெஅல் தெ ஹெஅர்ட்ரா, / ஹெஒர்டெ தெ கேன்ரெ,
மோட் ஷெஅல் தெ மாரெ, / தெ ஊரெ மேயென் லீட்லத்.

பொருள்: நம் வலிமை குறையக் குறைய, எண்ணம் இன்னும் இறுக வேண்டும், நெஞ்சம் இன்னும் கூர்மையாக வேண்டும், துணிவு இன்னும் பெருக வேண்டும்.

இதை வாய்விட்டுப் பத்துமுறை சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் சொல்லின் வேர் அசையில்தான் அழுத்தம் விழும். பெரும்பாலும் அது முதல் அசை. ‘யெ’, ‘பெ’ போன்ற முன்னொட்டுகள் வந்தால் அவற்றைத் தாண்டி அடுத்த அசையில் விழும். ஒவ்வொரு வரியிலும் பலமாக அடிக்க வேண்டிய இடம் நான்கு. முதல் வரியில் ஹியெ, ஹெஅர்ட்ரா, ஹெஒர்டெ, கேன்ரெ. இரண்டாம் வரியில் மோட், மாரெ, மேயென், லீட்லத். நடுவில் சாய்கோடு போட்ட இடத்தில் ஒரு சிறு நிறுத்தம். அதற்கு இந்தப்பக்கம் இரண்டு அழுத்தம், அந்தப்பக்கம் இரண்டு.

ஒலிப்பில் ஐந்தாறு செய்தி தெரிந்தால் போதும். தோர்ன், எத் என்று இரண்டு எழுத்துகள் வரும். இரண்டும் ஒரே வேலைக்குத்தான், நாம் ‘அது’ என்னும்போதும் ‘கத்தி’ என்னும்போதும் வரும் தகரத்தை ஒட்டிய ஒலி. ஆஷ் என்ற எழுத்து ‘பேங்க்’ என்று எழுதிவிட்டு நாம் வேறு மாதிரி உச்சரிக்கிறோமே, அந்த ஒலி. எஸ், சி இரண்டும் சேர்ந்தால் ‘ஷ்’. ‘ஜி’ எழுத்து, இகர எகரங்களின் பக்கத்தில் ‘ய்’ ஆகிவிடும். ‘ஒய்’ எழுத்தை, உகரத்துக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியாது, கீழே வெறும் இகரமாகவே எழுதியிருக்கிறோம். உச்சரிப்பு நூறு சதவீதம் சரியாக வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அழுத்தம் சரியாக விழுந்தால் போதும்.

மோனை தெரிந்தவருக்கு ஒரு சலுகை, ஒரு பொறி

இந்தக் கவிதைகளில் இறுதி இயைபு கிடையாது. எதுகையும் கிடையாது. வரியைக் கட்டிப்போடுவது மோனை ஒன்றுதான். யாப்பு படித்த தமிழ் வாசகருக்கு இது பெரிய சலுகை: நாற்சீரடியில் எந்தெந்தச் சீர் மோனையில் சேர்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கனவே உண்டு.

பொறி எங்கே என்றால், நம் மோனையில் முதல் சீர்தான் தாய். இணை 1, 2. பொழிப்பு 1, 3. ஒரூஉ 1, 4. எதை எடுத்தாலும் முதல் சீர் உள்ளே இருக்கும். பழைய ஆங்கிலத்தில் தாய் மூன்றாவது அழுத்தம். நடு நிறுத்தத்தைத் தாண்டியதும் முதலில் விழும் அடி. அதன் ஒலியை வைத்துத்தான் முன்னால் உள்ள இரண்டில் ஒன்றோ இரண்டுமோ சேரும். நான்காவது அழுத்தம் அந்த மோனையில் சேரவே கூடாது. ஆகவே நம் கணக்கில்,

பொழிப்பு (1, 3) செல்லும். கூழை (1, 2, 3) செல்லும். மேலே பார்த்த இரண்டு வரியும் கூழைதான். ஒரூஉவும் (1, 4) மேற்கதுவாயும் (1, 3, 4) கீழ்க்கதுவாயும் (1, 2, 4) செல்லாது. நாம் உச்சத்தில் வைக்கும், நான்கு சீரும் சேரும் முற்றுமோனை அங்கே இலக்கணப் பிழை. நம் ஏழு மோனை வகையில் இல்லாத 2, 3 சேர்க்கையோ தாராளமாக வரும். கிரெண்டல் என்ற அரக்கன் சதுப்பிலிருந்து கிளம்பும் 710-ஆம் வரி அப்படிப்பட்டது: ‘தா கோம் ஒவ் மோரெ / உண்டெர் மிஸ்ட்-ஹ்லெயொதும்’. மோரெ என்றால் சதுப்புநிலம். மிஸ்ட்-ஹ்லெயொதும், மூடுபனிச் சரிவுகள். ‘கோம்’ மோனையில் சேராமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது.

எனவே புதிதாக ஒரு வரியைப் பார்த்தால் செய்ய வேண்டியது: நடு நிறுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். அச்சுப் பதிப்பில் அங்கே இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்கு வலப்பக்கம் முதல் அழுத்த அசையை வட்டமிடுங்கள். பிறகு இடப்பக்கம் போய் அதே ஒலியைத் தேடுங்கள். இடமிருந்து வலமாகத் தேடினால், தற்செயலாக ஒத்து நிற்கும் சின்னச் சொற்களை எல்லாம் மோனை என்று நினைத்துக் குறித்துவிடுவீர்கள்.

இன உரிமையும் கொஞ்சம் வேறு. நம்மில் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ மட்டும் உறவு. அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். ஒரே உயிர் இரண்டு முறை வருவதைவிட வெவ்வேறு உயிர்கள் வருவதையே கவிஞர்கள் விரும்பினார்கள் என்று தோன்றும். ‘எஸ்’ வரிசையில் மட்டும் கறார்: ஸ்ப, ஸ்ட, ஷ மூன்றும் தத்தம் இனத்தோடு மட்டுமே சேரும். ‘ஜி’ எழுத்து ககரமாக ஒலித்தாலும் யகரமாக ஒலித்தாலும் ஒன்றுக்கொன்று மோனைதான். காவியத்தின் 11-ஆம் வரி இது: ‘கொம்பன் யில்டன். / தேட் வேஸ் கோட் கினிங்!’ கப்பம் கட்டினர். நல்ல மன்னன் அவன். கொ, யி, கோ மூன்றும் மோனை; ‘கினிங்’ காதுக்கு ஒத்ததுபோல் இருந்தாலும் அது வேறு எழுத்து, நான்காவது இடம், கணக்கில் இல்லை. தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மோனையைக் குறிக்கும்போது மூல எழுத்தைப் பாருங்கள்.

அரையடியின் ஐந்து நடை

1880-களில் ஜெர்மானிய அறிஞர் எடுவார்ட் சீவர்ஸ் இந்த அரையடிகளை எண்ணி, அழுத்தம் விழும் முறையில் ஐந்து வகை உண்டு என்று வகுத்தார். மனப்பாடம் தேவையில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றை வாயில் வைத்திருங்கள். விழுந்து விழுந்து செல்வது: ‘கொம்பன் யில்டன்’. ஏறி ஏறிச் செல்வது: ‘நெ லெயொஃப் நெ லாத்’ (வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை). நடுவில் இரண்டு அடியும் மோதிக்கொள்வது: ‘இன் யேஆர்-டகும்’ (பழைய நாட்களில்). அடுத்தடுத்து இரண்டு பலத்த அடி விழுந்து, மூன்றாவதாக ஓர் அரை அடியோடு இறங்குவது: ‘ஃபேயொண்ட் மான்கின்னெஸ்’ (மனித குலத்தின் பகைவன்). பலம், அரைபலம், இறக்கம், மீண்டும் பலம்: ‘வெஒர்த்-மிண்டும் தாஹ்’ (பெருமைகளில் வளர்ந்தான்).

அசை எண்ணும்போது ஒரு குழப்பம் வரும். சில அரையடிகளில் ஓர் அசை கூடுதலாக இருப்பதுபோல் படும். அழுத்தம் விழுந்த அசை குறிலாக இருந்தால், அதையும் அடுத்த அசையையும் சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும். குறிலிணை சேர்ந்து நிரையசை ஆவது நமக்குப் பழகியதுதான், அதே கணக்கு. ‘மெரெ-டெயோர்’ (கடல் விலங்கு) என்பதில் ‘மெரெ’ ஒரே அடி.

கையெழுத்துப் படியில் வரி பிரித்திருக்க மாட்டார்கள். தோலில், ஓரத்திலிருந்து ஓரம்வரை உரைநடைபோலவே எழுதியிருக்கும். ஓலைச்சுவடியில் செய்யுளைத் தொடராக எழுதி, பதிப்பித்தவர்கள் யாப்பைக்கொண்டு அடி பிரித்தார்களே, அங்கும் அதேதான்: மோனைதான் வரி எங்கே முடிகிறது என்று காட்டிக்கொடுத்தது. ‘பியோவுல்ஃப்’ இருக்கும் ஒரே படி 1,000-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு பேர் கைப்பட எழுதியது. 1,939-ஆம் வரியில் கை மாறுகிறது. 1731-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை எரிந்தபோது ஓரங்கள் கருகின. மால்டன் கவிதையின் படி அதே தீயில் முழுக்கப் போனது. முன்பே யாரோ எடுத்துவைத்த நகல்தான் மேலே நாம் படித்த இரண்டு வரியைக் காப்பாற்றியது.

பெயர் மாற்றிப் பெயர் மாற்றிச் சொல்வது ஏன்

புதியவர்களை அதிகம் சலிக்கவைப்பது இந்த உத்தி. ஒரு பொருளையோ ஆளையோ சொல்லிவிட்டு, வாக்கியத்தை நிறுத்திவைத்து, அதையே வேறு பெயரில் மறுபடி, பிறகு இன்னொரு பெயரில் மறுபடி. அவசரப்பட்டால் கூறியது கூறலாகத் தெரியும். ஒரே ஓர் இடத்தை நிதானமாகப் பார்த்தால் இந்த எண்ணம் போய்விடும்.

1,519 முதல் 1,528 வரை எடுங்கள். ஏரிக்கடியில், கிரெண்டலின் தாயோடு பியோவுல்ஃப் மோதுகிறான். கையில் ஹ்ருண்டிங் என்ற வாள். அது அவனுடையது அல்ல. உன்ஃபெர்த் என்பவன் கொடுத்த இரவல். வாளுக்கு இந்தப் பத்து வரியில் வரும் பெயர்களை வரிசையாகப் பட்டியலிடுங்கள். முதலில் ‘போர்வாள்’: முழு பலத்தோடு வீசுகிறான். அடுத்து ‘வளைய அணியுடையது’: அவள் தலையில் பட்டுப் பேராசையோடு போர்ப்பாட்டுப் பாடுகிறது. அடுத்து ‘போர் ஒளி’: அந்தப் போர் ஒளி கடிக்க மறுத்தது என்று அறிகிறான். அடுத்து வெறும் ‘முனை’: தலைவனுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் முனை கைவிட்டது. கடைசியில் ‘அரிய செல்வம்’: அந்த அரிய செல்வத்தின் ‘டோம்’ சாய்ந்தது அதுவே முதல் முறை.

பெயர் முதலில் ஏறுகிறது, தோற்கும் கணத்தில் ‘முனை’ என்று மொட்டையாக இறங்குகிறது, பிறகு அதன் பழைய மதிப்பை நினைத்து மறுபடி ஏறுகிறது. கதை நகரவில்லை என்று நாம் நினைத்த இடத்தில் பெயர்களே கதையை நடத்தியிருக்கின்றன.

‘டோம்’ என்ற அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். தீர்ப்பு என்பது அதன் அடிப்பொருள்; மற்றவர்கள் ஒருவனைப் பற்றிக் கடைசியில் சொல்லும் தீர்ப்பு, ஆகவே புகழ். ஐம்பது, அறுபது வரி முன்னால் போய் 1,470-ஐப் பாருங்கள். உன்ஃபெர்த் தானே தண்ணீரில் இறங்கத் துணியாமல் வாளை மட்டும் கொடுத்து அனுப்பினான். அங்கே அவன் ‘டோம்’ இழந்தான் என்கிறான் கவிஞன். அதே சொல். கொடுத்தவன் கரையிலேயே இழந்ததை வாள் ஏரிக்கடியில் இழக்கிறது. வீர மதிப்பீடுகள் என்று தனியாகவும் கவிதை உத்தி என்று தனியாகவும் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவார்கள் பலர். இந்த இடத்தைப் பார்த்தபின் ஒரே பக்கத்தில் எழுதலாம்.

பெயர்களில் ‘கென்னிங்’ என்று ஒரு வகை தனியாகப் பேசப்படும். கூட்டுச்சொல்லை எல்லாம் கென்னிங் என்று குறிப்பது பொதுவான தவறு. சோதனை எளிது: கூட்டின் பின்பாதி அந்தப் பொருளை நேராகக் குறிக்கிறதா? ‘போர்வாள்’ வாள்தான், ஆகவே வெறும் கூட்டு. ‘போர் ஒளி’யில் ஒளி வாள் அல்ல; ஆகவே கென்னிங். கடலுக்குத் ‘திமிங்கிலப் பாதை’, ‘அன்னப் பாதை’. உடலுக்கு ‘எலும்பு வீடு’. சூரியனுக்கு ‘உலக மெழுகுவத்தி’. பாய்க்குக் ‘கடல் ஆடை’. கப்பலைக் ‘கடல் மரம்’ என்பது இரண்டுக்கும் நடுவில்: மரத்தால் செய்ததை மரம் என்பது நம் ஆகுபெயர்தான். கென்னிங்கை அவிழ்த்த கையோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் இங்கே ‘எலும்பு வீடு’, ஏன் வெறுமனே ‘உடல்’ இல்லை என்று கேளுங்கள். வீடு என்றால் யாரோ குடியிருக்கிறார்கள், ஒருநாள் வெளியே போவார்கள்.

இதன் எதிர்முனையில் இருக்கும் உத்தி குறைத்துச் சொல்வது. மான்கூடத் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே சாகத் துணியும் அந்த ஏரியைப் பற்றி மன்னன் ஹ்ரோத்கார் சொல்வது: ‘அது இதமான இடமல்ல’. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறது.

வாய்பாடு: ஒரு பயிற்சி

ஒருவர் பேசத் தொடங்கும்போது ஒரே அச்சில் வார்த்த வரி வரும்: இன்னார் பேசினான், இன்னாரின் மகன். நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பியோவுல்ஃப் மாதெலோடெ, / பெஅர்ன் எஜ்தெயோவெஸ்.
ஹ்ரோத்கார் மாதெலோடெ, / ஹெல்ம் ஷில்டிங்கா.
விக்லாஃப் மாதெலோடெ, / வெஒஹ்ஸ்டானெஸ் சுனு.
உன்ஃபெர்த் மாதெலோடெ, / எஜ்லாஃபெஸ் பெஅர்ன்.

முதல் வரியில் ‘மகன்’ (பெஅர்ன்) முன்னால், தந்தை பெயர் பின்னால். நான்காவதில் தந்தை பெயர் முன்னால், ‘மகன்’ பின்னால். ஏன் புரட்டினான்? மூன்றாவது அழுத்தத்தைப் பாருங்கள். பியோவுல்ஃபுக்குப் பகரம் வேண்டும், ‘பெஅர்ன்’ முன்னே வருகிறது. உன்ஃபெர்த் உயிரில் தொடங்குகிறான், ‘எஜ்லாஃப்’ முன்னே வருகிறான். ஹ்ரோத்காருக்கு ஹகரம் வேண்டும் என்பதால் மகன் என்ற சொல்லே போய் ‘ஷில்டிங்குகளின் (அவன் குலத்தாரின்) காவலன்’ வந்துவிட்டது.

1953-இல் ஃபிரான்சிஸ் மகூன் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய வாய்பாடுகளை எண்ணிக்காட்டி, இது வாய்மொழியாகப் பாடிப் பாடி வந்த மரபு என்று வாதிட்டார். கிரேக்கக் கவிஞர் ஹோமரைப் பற்றி மில்மன் பாரி என்ற அறிஞர் சொன்னதை இங்கே கொண்டுவந்தார். அதே கருவியைச் சங்கப் பாட்டில் வைத்துப் பார்த்தவர் க. கைலாசபதி, தமிழில் இதைப் பற்றி மேலும் படிக்க விரும்புவோருக்கு அவர் ஒரு வாசல். வாய்பாடு இருக்கிறது என்பதாலேயே எழுதாமல் பாடியது என்று முடிவுகட்ட முடியாது. எழுதத் தெரிந்த துறவிகளும் அதே வாய்பாட்டில் கவிதை செய்திருக்கிறார்கள்.

மதிப்பீடுகளை எண்ணிக்கையில் பாருங்கள்

‘விசுவாசம், வீரம், கொடை’ என்று எழுதிவைத்தால் எந்த நாட்டு வீரகாவியத்துக்கும் பொருந்தும், உதவாது. இந்த உலகில் மதிப்பீடு என்பது கைமாறும் பொருள். ஆகவே எண்ணுங்கள்.

கிரெண்டலைக் கொன்றதற்கு ஹ்ரோத்கார் பியோவுல்ஃபுக்குத் தருவது: பொன்னாலான படைக்கொடி, தலைக்கவசம், மார்புக்கவசம், வாள், எட்டுக் குதிரை. அரசி வெயல்தெயோ ஒரு கழுத்தணி தருகிறாள். ஊர் திரும்பியதும் பியோவுல்ஃப் கொடி, இரண்டு கவசம், வாள், நான்கு குதிரை ஆகியவற்றைத் தன் மன்னன் ஹிகலாக்கிடம் கொடுக்கிறான். கழுத்தணியையும் மூன்று குதிரையையும் அரசி ஹிக்டுக்குக் கொடுக்கிறான். எட்டில் ஏழு போயிற்று. மன்னன் பதிலுக்குத் தன் தந்தையின் வாளையும் ஏழாயிரம் அளவு நிலத்தையும் ஒரு மாளிகையையும் தருகிறான். பொன்னைப் பூட்டிவைப்பவன் இந்த உலகில் மன்னன் அல்ல. மன்னனுக்கு இன்னொரு பெயரே ‘வளையங்களை உடைத்துத் தருபவன்’. பொன்னை முந்நூறு ஆண்டு குகையில் பூட்டிப் படுத்திருக்கும் ஒன்று காவியத்தில் உண்டு. அதுதான் டிராகன்.

வாங்கியதற்குத் திருப்பிச் செலுத்தும் இடம் போர்க்களம். மது மண்டபத்தில் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்னது செய்வேன்’ என்று சொல்வதற்கு ‘பேயோட்’ என்று பெயர். தற்பெருமை என்று பெயர்ப்பார்கள். வஞ்சினம் என்பது நெருங்கிய சொல். வஞ்சினத்தைப் போலவே, சொன்னபின் பின்வாங்கினால் ஆள் இல்லை. மால்டனில் ஆல்ஃப்வினெ என்ற இளைஞன் கூட்டாளிகளிடம் சொல்வது: அன்று பெஞ்சில் உட்கார்ந்து மதுவோடு பேசிய பேச்சை நினைத்துப் பாருங்கள். அதே களத்தில் காட்ரிக் என்பவன், தலைவன் தனக்கு அடிக்கடி குதிரை தந்திருந்தும், இறந்த தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடிவிட்டான். ஓடுவது தலைவன் என்று நினைத்துப் பலர் பின்னால் ஓடினர். கேடயச் சுவர் உடைந்தது. பரிசாகக் குதிரை வாங்கியவன் குதிரையைத் திருடி ஓடினான் என்ற அந்த ஒரு விவரத்தில் முழு நெறியும் இருக்கிறது.

கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் தொகைக்கு ‘வெர்கில்ட்’ என்று பெயர். ஒருவன் உயிருக்கு அவன் தகுதிக்கேற்ற விலை. கிரெண்டல் அதைக் கொடுக்க மறுப்பவன் என்று காவியம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பியோவுல்ஃபின் தந்தை செய்த ஒரு கொலைக்கு இந்தத் தொகையைக் கட்டியவன் ஹ்ரோத்கார். மகன் கடல் தாண்டி வந்ததில் பழைய கணக்கும் உண்டு. இந்த நெறி முட்டுச்சந்தில் நிற்கும் இடம் 2,435-ஐ ஒட்டி வருகிறது. ஹிகலாக்கின் தந்தை ஹ்ரேதெல் மன்னனின் ஒரு மகன் விட்ட அம்பு தவறி இன்னொரு மகனைக் கொன்றுவிடுகிறது. இழப்பீடு யாரிடம் வாங்குவது? பழி யார்மேல் தீர்ப்பது? கிழவன் படுத்துச் சாகிறான். காவியத்தில் மிக அமைதியான, மிகக் கொடுமையான இடம் இதுதான். இதைத் தாண்டிக் குதித்து டிராகனுக்கு ஓடாதீர்கள்.

‘விர்ட்’ என்ற சொல்லில் தமிழ் வாசகர் ஒரு தவறு செய்வார். ஊழ் என்று பெயர்த்துவிட்டு, தலையெழுத்து, முன்வினை என்று போய்விடுவார். விர்டுக்கு முன்வினைக் கணக்கு கிடையாது. நிகழப்போவது, நிகழ்ந்தே தீருவது, அவ்வளவுதான். அதோடு அதற்குக் கொஞ்சம் நெகிழ்வும் உண்டு. 572-இல் பியோவுல்ஃப் சொல்கிறான்: சாவு இன்னும் குறிக்காத வீரனை, அவன் துணிவு தளராமல் இருந்தால், விர்ட் பலமுறை காப்பாற்றும்.

இன்னொரு தவறு, கி.பி. 98-இல் ரோமானியர் டாசிட்டஸ் ஜெர்மானியப் படைத்தலைவர்களையும் தோழர்களையும் பற்றி எழுதியதை அப்படியே மால்டனுக்குப் பொருத்துவது. நடுவே ஏறக்குறைய 900 ஆண்டு, நடுவே கிறித்தவம். எழுதியவர்கள் கிறித்தவர்கள், பாடப்படுபவர்கள் டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும் வாழ்ந்த பழைய சமயத்தார். ‘பியோவுல்ஃப்’ இங்கிலாந்தில் நடக்கவே இல்லை. மரியாதையோடும் தூரத்தோடும் ஒரே நேரத்தில் பார்க்கும் அந்தக் குரலைக் கேட்கப் பழக வேண்டும். மால்டன் கவிஞன்கூட, எதிரியை ஆற்றைக் கடக்கவிட்ட பிர்த்நோதின் முடிவுக்குக் காரணம் ‘ஒஃபெர்மோட்’ என்கிறான். மிகுந்த மனத்திட்பமா, செருக்கா? அறிஞர்கள் இன்னும் முடிக்கவில்லை; பெரும்பாலோர் பழிச்சொல் என்றே கொள்கிறார்கள்.

எந்த வரிசையில் படிப்பது

படியில் காவியம் ஒரு முன்னுரையாகவும் 43 எண்ணிட்ட பகுதியாகவும் பிரிந்திருக்கிறது. சராசரியாக 70 வரிக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் வரிசையாக வேண்டாம்.

முதல் நாள் 702 முதல் 727 வரை, கிரெண்டல் வரும் இடம். ‘கோம்’, ‘வந்தான்’ என்ற வினை மூன்று முறை வரும்: இருளில் வந்தான், சதுப்பிலிருந்து வந்தான், மண்டபத்துக்கு வந்தான். மூன்றையும் கோடிட்டால் கேமரா நெருங்குவது தெரியும். அடுத்து 205 முதல் 228, பதினைந்து பேர் கடல் கடப்பது. அதில் 218-ஆம் வரி கப்பலை ‘நுரைக் கழுத்துடைய, பறவையை ஒத்த’ என்கிறது. பிறகு 499 முதல் 606, உன்ஃபெர்த்துடன் வாய்ச்சண்டை. பிறகு வாள் தோற்கும் இடம். அதற்குப்பின் 2,596 முதல், பத்துத் தோழர்கள் காட்டுக்குள் ஓட விக்லாஃப் மட்டும் திரும்பிவரும் இடம். இவ்வளவும் ஆனபின் முதல் வரிக்குப் போய் முழுதாகப் படியுங்கள்.

அப்போது கிளைக்கதைகள் வழியை மறிக்கும். 1,063-இல் தொடங்கும் ஃபின் கதையில் ஹில்டெபுர்ஹ் என்ற பெண், சமாதானத்துக்காகப் பகைவர் வீட்டில் மணம்முடித்துக் கொடுக்கப்பட்டவள், தன் அண்ணனையோ தம்பியையோ, மகனையும் சேர்த்து ஒரே சிதையில் ஏற்றுகிறாள். இதைக் கொண்டாட்டத்தின் நடுவில் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் வெயல்தெயோ வந்து மன்னனிடம் பேசிவிட்டு, தன் இரண்டு மகன்களின் பக்கம் நடக்கிறாள். கிளைக்கதையை விட்டுவிட்டால் அவள் நடையில் இருக்கும் அச்சம் தெரியாது. கிளைக்கதை வந்தால் அது முடிந்தவுடன் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

கடைசி இரண்டு வரியை மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமல் நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். சிதைமேட்டைச் சுற்றிக் குதிரையில் வரும் பன்னிரண்டு பேர் இறந்த மன்னனைப் பற்றிச் சொல்வது: மனிதரில் மிக இரக்கமுள்ளவன், மிக மென்மையானவன், பிறகு 3,182-ஆம் வரி, ‘லெயொடும் லீதொஸ்ட் / ஒண்ட் லொஃப்-யெஒர்னொஸ்ட்’. மக்களுக்கு மிகக் கனிவானவன், புகழ் வேட்கை மிக்கவன். மூன்று கனிந்த சொல்லுக்குப் பின் நான்காவது ஏன் அப்படி, அது பாராட்டா குறையா என்று வாதம் ஓயவில்லை. பென்சிலை எடுத்து நடு நிறுத்தத்தைக் கண்டுபிடித்து, வலப்பக்கம் முதல் அழுத்தத்தை வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் இருப்பது ‘லொஃப்’, புகழ்.